எம்போஸ், டிபாஸ் வேலைக்கு வடிவமைப்பது எப்படி: அழைப்பிதழ் முதல் அல்வா டப்பா வரை

எம்போஸ் அடித்த எழுத்து காகிதத்துக்கு மேலே எழும்பி நிற்கும். டிபாஸ் அடித்தது உள்ளே அமுங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் மை வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் அதனால் வரும் நிழலும்தான் எழுத்தைக் காட்டுகின்றன. திரையில் அழகாகத் தெரிவதை அப்படியே அனுப்பினால் வேலை கெடுவது இதனால்தான். திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ உள்ள டிடிபி கடையில் வடிவமைத்து, பிளாக்கையும் (வடிவம் வெட்டிய உலோக அச்சு) அடிப்பையும் சிவகாசியில் செய்து வாங்குவது நம் பக்கத்தில் சாதாரணம். வடிவமைப்பவர் ஓர் ஊரிலும் மிஷின் ஓர் ஊரிலும் இருக்கும்போது, இங்கே முடிவு செய்ய வேண்டியதை இங்கேயே முடித்துவிட வேண்டும். அங்கே போன பிறகு உங்கள் எழுத்தை யாரும் தடிமனாக்கித் தரமாட்டார்கள்.

வாடிக்கையாளர் "எழும்பி இருக்கணும்" என்று கேட்டால், அவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். ரைஸ்டு யூவி என்பது காகிதத்தின் மேல் பளபளப்பான பூச்சைத் திட்டாகப் படிய வைப்பது. தெர்மோகிராஃபி என்பது ஈர மையின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூட்டில் உப்ப வைப்பது. இரண்டும் விரலுக்குத் தட்டுப்படும், ஆனால் எம்போஸ் ஆகாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பள்ளம் இருந்தால் எம்போஸ், சமமாக இருந்தால் மற்றவை. விலையும் வேறு, தயாரிப்பும் வேறு.

அட்டையைத் தேர்ந்த பிறகே வடிவம்

முதலில் அட்டையைக் கையில் வாங்குங்கள். கோரல் டிரா மென்பொருளைத் திறப்பது அதற்குப் பிறகு. ஜிஎஸ்எம் ஒன்றை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுப்பது பெரிய தவறு, ஏனென்றால் அது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு. தடிமன் அதிலிருந்து தெரியாது. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு ஏறக்குறைய 0.28 மி.மீ. இருக்கும். அதே 300 ஜிஎஸ்எம்மில் டப்பாவுக்குப் போகும் எஃப்பிபி (ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு) அட்டை 0.45 மி.மீ. அளவுக்கு வரும். உள்ளே காற்றோட்டமாக, பஞ்சு போல இருக்கும் அட்டை அமுக்கத்தை வாங்கிக்கொள்ளும். இறுக்கமாக உருட்டிய அட்டை வாங்காது.

எம்போஸுக்கு 220 ஜிஎஸ்எம்முக்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய தாளில் வடிவம் எழும்பும், ஆனால் நிற்காது. கட்டுக்கட்டி ஒரு வாரம் வைத்தால் படிந்துவிடும். 250 முதல் 350 வரை வசதியான எல்லை. டிபாஸுக்கு இன்னும் கனம் வேண்டும். பூச்சு இல்லாத அட்டையில் 350-க்கு மேல் போனால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும். பருத்தி நார் கலந்த அட்டை கிடைத்தால் டிபாஸுக்கு அதற்கு ஈடில்லை. நார் நீளமாக இருப்பதால் இழுபடும், கிழியாது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்த அட்டையில் நார் குட்டையாக இருக்கும். எம்போஸின் விளிம்பு வெடிக்க வாய்ப்பு அதிகம்.

அடர் நிறத்தை ஆஃப்செட்டில் முழுக்க அடித்து, அதன் மேல் எம்போஸ் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். அரக்கு, கரும்பச்சை, கருநீலம் என்று கல்யாணப் பத்திரிகைகளில் இதுவே மோகம். விளிம்பில் காகிதம் நீளும்போது மை நீளாது. விரிசலில் அட்டையின் வெள்ளை தெரியும். இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளும் புறமும் ஒரே நிறமுள்ள கலர் போர்டை வாங்கி, மை அடிக்காமல் எம்போஸ் மட்டும் போடுவது. இரண்டாவது, மை அடித்து மேட் லேமினேஷன் செய்த பிறகு எம்போஸ் போடுவது. படலம் மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் வழியில்தான் வேலை கௌரவமாக இருக்கும். செலவும் பெரிய வித்தியாசம் வராது, நாலு கலர் அடிப்பு மிச்சமாகிறதே.

டிஜிட்டல் பிரின்டரில் டோனரால் (தூள் மை) அடித்த தாளில் எம்போஸ் போட்டால் டோனர் செதில் செதிலாக உதிரும். நூறு பத்திரிகைதான் வேண்டும் என்று டிஜிட்டலில் போகிறவர்கள், எம்போஸ் வரும் இடத்தில் டோனர் படாமல் வெற்றிடமாக விடுங்கள்.

தமிழ் எழுத்தும் சரிவுக் கணக்கும்

ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவுகளைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். தமிழில் சுழிகள் அதிகம். ண, ணை, ஞ, இ, ஐ, ஸ்ரீ எல்லாம் சின்ன இடத்துக்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுபவை.

கணக்கு இப்படி. எம்போஸின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் காகிதம் கிழியும், அதனால் பிளாக்கில் சரிவு வெட்டுவார்கள். உயரம் 0.3 மி.மீ., சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் சரிவு மட்டுமே 0.3 மி.மீ. தின்றுவிடும். அடியில் 0.7 மி.மீ. அகலமுள்ள கோட்டுக்கு மேலே மிஞ்சுவது 0.1 மி.மீ. முகடு. கண்ணுக்கு அது கீறலாகத் தெரியுமே தவிர எழுத்தாகத் தெரியாது. கோட்டின் தடிமன் 1 மி.மீ. இருந்தால் முகடு 0.4 மி.மீ. வரும், எழுத்து துலங்கும். எனவே எம்போஸில் தமிழ் எழுத்துக்கு 1 மி.மீ. கோடு வையுங்கள், 0.7-க்குக் கீழே போகவே வேண்டாம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 0.8 மி.மீ. இடைவெளி. டிபாஸில் இவ்வளவு கஷ்டம் இல்லை. அங்கே 0.35 மி.மீ., அதாவது 1 பாயின்ட் கோடுகூட விழும்.

சரிவை உங்கள் வடிவத்துக்கு உள்பக்கம் வெட்டுவாரா வெளிப்பக்கம் வெட்டுவாரா என்று பிளாக் செய்பவரிடம் கேளுங்கள். உள்பக்கம் என்றால் எழுத்து மெலியும், வெளிப்பக்கம் என்றால் சுழி அடைபடும். கேட்காமல் விடுவதால்தான் ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது.

சுழி அடைபடுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. உண்மையான அளவில் எழுத்தை வைத்து, கோரல் டிராவில் 0.8 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்து, ஒவ்வொரு சுழிக்குள்ளும் நகர்த்திப் பாருங்கள். வட்டம் கோட்டைத் தொடாமல் உள்ளே உட்கார்ந்தால் சரி. இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சுழி அகலமான வேறு எழுத்துருவுக்கு மாறுங்கள். "திருநெல்வேலி" என்ற சொல்லில் இடிக்கிற இடங்கள் நெ, வே ஆகியவற்றின் கொம்புகள்தான், மற்றவை தப்பிவிடும். "கண்ணம்மாள்" மாதிரிப் பெயரில் ண் பக்கத்திலேயே ண வந்து உட்காரும். அங்கே எழுத்துக்களுக்கு இடையிலும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த எதிரி புள்ளி. 16 பாயின்ட் எழுத்தின் மெய்ப்புள்ளி எம்போஸில் ஊசி முனை போல வேலை செய்து காகிதத்தைத் துளைத்துவிடும். எழுத்துருவில் வரும் புள்ளியை அழித்துவிட்டு, 1.2 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை நீங்களே வையுங்கள். எழுத்தின் தலையிலிருந்து குறைந்தது 0.8 மி.மீ. விலக்கி வையுங்கள். "பாளையங்கோட்டை" என்று எழுதினால் ங், ட் இரண்டிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் மறந்தால் அது பளிச்சென்று தெரியும்.

கோட்டைத் தடிமனாக்க வேண்டும் என்றால் அவுட்லைன் கொடுத்து விட்டுவிடாதீர்கள். கான்டூர் கொடுத்து வெளிப்பக்கம் 0.15 மி.மீ. விரித்து, பிரித்து, வெல்டு செய்து ஒரே உருவமாக்குங்கள். விரித்தால் சுழி சுருங்கும், ஆகவே வட்டச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கனமான, ஒரே சீரான கோடுள்ள எழுத்துருவே எம்போஸுக்குத் தோது. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும் அலங்கார எழுத்துருக்கள் டிபாஸில் அழகாக விழும், எம்போஸில் மெலிந்த பாகம் காணாமல் போகும். மணமக்கள் பெயர் எம்போஸில் வர வேண்டும் என்றால் 28 பாயின்டுக்கு மேல் யோசியுங்கள். முகவரி, நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் எம்போஸ் போடச் சொல்லி ஒருவர் கேட்பார். மறுத்துவிடுங்கள். எல்லாம் எழும்பி நின்றால் எதுவும் எழும்பியதாகத் தெரியாது, பிளாக்குக்கும் சதுர அங்குலக் கணக்கில் பணம் போகும்.

படங்கள்

நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை 40 மி.மீ. உயரத்தில் எம்போஸ் கேட்பது இங்கே அடிக்கடி வரும் வேலை. கோபுரத்தின் சுதைச் சிற்பங்களைக் கோட்டோவியமாக எடுத்துப் பிளாக் போட்டால் வருவது சொறி பிடித்த முக்கோணம். நிலைகளை மட்டும் படிப்படியாக, இடையில் 0.8 மி.மீ. பள்ளம் விட்டு வரையுங்கள். நடு வாசல்களை ஒவ்வொரு நிலையிலும் ஒரு செவ்வகப் பள்ளமாகக் காட்டுங்கள், சிற்பங்களை விட்டுவிடுங்கள். உச்சியில் கலசங்கள் அந்த அளவில் 1 மி.மீ.-க்கும் கீழே போய்விடும், அவற்றைத் தடிமனாக்க வேண்டும். இடம் போதாமல் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒற்றைப்படையாகவே குறையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

பிள்ளையார், அம்மன் முகம் போன்ற உருவங்களுக்கு இரண்டு வழி. ஒரே மட்டத்தில் எழும்பும் எம்போஸுக்கு வெறும் கறுப்பு வெள்ளைக் கோப்பு போதும். சிங்க் (துத்தநாக) பிளாக்கில் அரித்து எடுப்பார்கள். தும்பிக்கை வளைந்து வருவது, கன்னம் உருண்டு நிற்பது போன்ற செதுக்கு எம்போஸ் வேண்டுமென்றால் பித்தளை பிளாக்தான். அதற்கு எது எவ்வளவு உயரம் என்று காட்டும் சாம்பல் நிறப் படம் கொடுக்க வேண்டும், வெள்ளை உச்சி, கறுப்பு அடி. விலை சிங்க் பிளாக்கை விடப் பல மடங்கு. ஐந்நூறு பத்திரிகைக்கு இது கட்டாது. வருடா வருடம் அதே உருவத்தை அடிக்கும் கடை டப்பாவுக்கு, டைரிக்குக் கட்டும்.

பிள்ளையார் சுழியை டிபாஸில் போடலாம். ஒரே கோடு, ஒரே சுழி, 8 மி.மீ. உயரம். தெளிவாக விழும்.

பத்தமடைப் பாயின் பின்னலை அட்டை முழுக்க டிபாஸ் வடிவமாகக் கொண்டுவரும் யோசனை சிலருக்கு வரும். நல்ல யோசனைதான், ஆனால் அட்டை முழுக்க அமுக்கினால் தாள் விரிந்து அலை அலையாக நிற்கும், சின்ன மிஷினுக்கு அவ்வளவு அழுத்தமும் கிடையாது. ஓரத்தில் 20 மி.மீ. பட்டையாக வையுங்கள், கோடு 0.5, இடைவெளி 0.7 மி.மீ. முழு அட்டையும் அப்படித்தான் வேண்டும் என்றால் வரிவரியாக டெக்ஸ்சர் போட்டு வரும் அட்டையையே வாங்கிக்கொள்ளலாம்.

எம்போஸுக்குக் கீழே நிழல் அச்சடிக்காதீர்கள். திரையில் எடுப்பாக இருக்கும். அச்சில் உண்மையான நிழல் ஒரு பக்கமும் மை நிழல் இன்னொரு பக்கமும் விழுந்து கண்ணைக் குழப்பும்.

விளிம்பும் மடிப்பும் பின்பக்கமும்

வெட்டு விளிம்பிலிருந்து குறைந்தது 6 மி.மீ., மடிப்புக் கோட்டிலிருந்து 8 மி.மீ. தள்ளி வையுங்கள். அதற்குள் வந்தால் காகிதம் இழுபட இடமில்லாமல் எம்போஸின் மூலையிலிருந்து விளிம்பு வரை சுருக்கம் ஓடும். கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். மூலையில் எம்போஸ் இருந்தால் ஈர மஞ்சள் பள்ளத்தில் தேங்கித் திட்டாகக் காயும், அட்டையும் அங்கே ஊறும். மூலையிலிருந்து 25 மி.மீ. சும்மா விடுங்கள்.

பின்பக்கத்தை மறப்பவர்கள் அதிகம். முன்பக்கம் எழும்பினால் பின்பக்கம் அதே வடிவம் இடவலம் மாறிப் பள்ளமாகத் தெரியும். மடிக்கும் பத்திரிகையின் முகப்பில் 45 மி.மீ. முத்திரை எம்போஸ் என்றால், அதைத் திறந்ததும் இடப்பக்க உள்பக்கத்தில் அந்தப் பள்ளம் இருக்கும். அந்த இடத்தில் வாசகம் வைத்தால் எழுத்து நெளியும். இடத்தைக் காலியாக விடலாம், அல்லது முகப்பு அட்டை தனி, வாசகம் அச்சிட்ட 120 ஜிஎஸ்எம் உள்தாள் தனி என்று பிரித்து ஓரத்தில் ஒட்டலாம். நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு இரண்டாவதே வசதி. உறவினர் பெயர்ப் பட்டியலுக்கு எப்படியும் உள்தாள் வேண்டியிருக்கிறது.

டிபாஸில் பின்பக்கம் எழும்பக் கூடாது என்றால், எதிர்ப் பிளாக் இல்லாமல் கடினமான சமதளத்தின் மேல் வைத்து அமுக்கச் சொல்லுங்கள். கனமான பஞ்சு அட்டையில் முன்பக்கம் பள்ளம் விழும், பின்பக்கம் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

கோப்பு

அச்சுக் கோப்பும் எம்போஸ் கோப்பும் ஒரே பக்க அளவில், ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். எம்போஸ் உருவங்களைத் தனி லேயரில், தனி ஸ்பாட் கலரில் (தனிப் பெயர் கொடுத்த தனி நிறம்) வைத்து, அந்தக் கலருக்கு "எம்போஸ்" என்றே பெயர் கொடுங்கள். டிபாஸ் இருந்தால் அதற்கு இன்னொரு கலர், ஃபாயிலுக்கு (சூட்டில் ஒட்டும் தங்க, வெள்ளிப் படலம்) மூன்றாவது. மூன்றையும் ஒரே கறுப்பில் வைத்து "பார்த்துக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், பார்க்க மாட்டார்கள். ஸ்பாட் கலருக்கு ஓவர்பிரின்ட் போடுங்கள்; இல்லையென்றால் கீழே உள்ள அச்சில் அந்த வடிவம் வெள்ளையாக வெட்டுப்படும்.

எல்லாம் நூறு சதவீத அடர்த்தியில், சாம்பல் நிறமோ மங்கலான ஓரமோ இல்லாமல் இருக்கட்டும். எழுத்தை கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். நம் கடைகளில் பழைய தமிழ் எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவை இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் ஆங்கிலக் குப்பையாக மாறும். கர்வ் ஆக்கிய பிறகு கணுக்களைப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டுகள் இருக்கும், அவற்றை வெல்டு செய்யாவிட்டால் பிளாக்கில் சுழிக்குள் வெட்டுக்கோடு வரும். படத்தை இடவலம் மாற்றிக் கொடுக்க வேண்டாம், அது பிளாக் செய்பவர் வேலை. நீங்களும் மாற்றி அவரும் மாற்றினால் நேர்ப் பிளாக் வந்து நிற்கும்.

அச்சுப் படத்தின் மேல் சரியாக உட்கார வேண்டிய எம்போஸில் 0.5 மி.மீ. நகர்வு வரும் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும், கையால் தாள் கொடுக்கும் டிரெடில் மிஷினில் அது சகஜம். தங்கக் கோட்டுக்குள் மிகச் சரியாக எம்போஸ் எழும்ப வேண்டும் என்ற வடிவங்களைத் தவிருங்கள். அச்சுப் படத்தை எம்போஸ் உருவத்தைவிட 0.3 மி.மீ. உள்ளே சுருக்கி வைத்தால் நகர்வு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது.

எது முன், எது பின்

ஆஃப்செட் அடிப்பு, காய வைத்தல், லேமினேஷன், ஃபாயில், எம்போஸ், பிறகு டை கட்டிங்கும் (வடிவமாக வெட்டுவது) கிரீஸிங்கும் (மடிப்புக் கோடு அமுக்குவது), கடைசியில் மடிப்பும் ஒட்டலும். இந்த வரிசை மாறக்கூடாது. எம்போஸ் போட்டுவிட்டு லேமினேஷனுக்கு அனுப்பினால் உருளை எல்லாவற்றையும் நசுக்கிவிடும். மை காயாமல் எம்போஸ் போட்டால் பிளாக்கில் மை ஒட்டி அடுத்த தாளில் அழுக்காக இறங்கும். குறைந்தது ஒரு முழு நாள் காய வேண்டும், கனமாக மை அடித்த தாளுக்கு இரண்டு நாள். லேமினேஷனும் அப்படியே. பசை இறுகும் முன் எம்போஸ் போட்டால் சரிவுகளில் படலம் பிரிந்து குமிழ் விடும்.

ஃபாயிலும் எம்போஸும் ஒரே அடியில் விழும் இணைப்புப் பிளாக் பித்தளையில்தான் நன்றாக வரும், சூடும் வேண்டும். எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே என்றால் ஃபாயிலைத் தனியாக அடித்து அதன்மேல் எம்போஸ் போடுவது மலிவு. நகர்வுக்காக ஃபாயில் எழுத்தைக் கொஞ்சம் கனமாக வையுங்கள்.

பிரஸ்ஸில் கேட்க வேண்டியவை

சிங்க் பிளாக் சில ஆயிரம் அடிக்குத் தாங்கும். அதற்கு மேல் பித்தளை. பிளாக்குக்கு எதிரே நிற்கும் கவுன்டரை எதில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். அட்டையை அடுக்கி ஒட்டி ஈரமாக்கி அமுக்கி எடுக்கும் பழைய முறை ஐந்நூறுக்குப் போதும். ஆனால் ஓட்டம் நீள நீள அது நசுங்கி, கடைசித் தாள்கள் மழுங்கி வரும். பிசினில் வார்த்த கவுன்டர் நிலையாக நிற்கும். எப்படியானாலும் நூறு தாளுக்கு ஒரு தாளை எடுத்து முதல் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சாம்பிள் மூன்று தாள் கேட்டு வாங்குங்கள். அதே அட்டையில், லேமினேஷன் இருந்தால் லேமினேஷன் செய்த அதே தாளில். டியூப்லைட்டுக்கு நேர் கீழே பார்த்தால் எம்போஸ் செத்துப்போய்த் தெரியும். ஜன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பில் நகம் மாட்டினால் அங்கே காகிதம் கிழியத் தொடங்கியிருக்கிறது.

ஐந்நூறு வேண்டும் என்றால் முகப்பு அட்டை 540 அடியுங்கள். மிஷின் செட் ஆகும்போதே இருபது முப்பது தாள் போய்விடும்.

நேரக் கணக்கும் உண்டு. வருடக் கடைசியில் சிவகாசி மிஷின்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும், தை முகூர்த்தப் பத்திரிகைகள் அதோடு வந்து மோதும். தைக் கல்யாணத்துக்கு எம்போஸ் வேண்டுமென்றால் ஐப்பசி முடிவதற்குள் பிளாக் தயாராகட்டும்.

கெடுவது எதனால்

விளிம்பு வெட்டுப்பட்டு வந்தால் முதலில் கவுன்டரைச் சந்தேகியுங்கள். காகிதத்தின் தடிமனுக்கு இடம் விடாமல் இறுக்கமாக இருந்தால் அது கத்தரிபோல் வெட்டும். அதைச் சரி செய்தும் வெட்டினால் உயரம் அதிகம், அல்லது காகிதம் வறண்டிருக்கிறது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயிலில் பிரித்துப் போட்ட அட்டை அப்பளம் போல நொறுங்கும். எம்போஸ் போடும் அறையிலேயே, உறை பிரிக்காமல், இரண்டு நாள் வைத்துப் பிறகு பிரிக்க வேண்டும். குற்றாலச் சீசனில் தென்காசிப் பக்கம் இதற்கு நேர்மாறு. அட்டை ஈரம் குடித்துத் துவண்டிருக்கும், எம்போஸ் சுலபமாக எழும்பும், காய்ந்ததும் பாதி இறங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து, அட்டையை மூடி வைத்து அறையின் பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான்.

வடிவம் மழுங்கி வருகிறது என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது பிளாக் மிஷினுக்குப் பெரிது. சின்ன டிரெடிலில் உள்ளங்கை அளவுக்கு மேல் நிறைந்த எம்போஸ் கேட்காதீர்கள். இரட்டை விளிம்பு தெரிந்தால் தாள் லேயில் (தாளை நிறுத்தும் தடுப்பு) சரியாக உட்காராமல் நகர்ந்திருக்கிறது. எம்போஸைச் சுற்றிப் பளபளப்பான வளையம் தெரிந்தால் கவுன்டரின் ஓரம் அட்டையில் உரசுகிறது, அதைச் சீவிவிட வேண்டும்.

ரெக்ஸின், தோல் மாதிரி உறை போட்ட டைரியில் சூட்டு டிபாஸ் போடும்போது கெடுப்பது சூடுதான். அதிகமானால் எழுத்துக்குள் எரிந்த பளபளப்பு வரும், குறைந்தால் ஒரு வாரத்தில் பள்ளம் மேலே வந்துவிடும். ஒவ்வொரு உறைக்கும் சூடு வேறு, துண்டில் போட்டுப் பார்த்தே சொல்ல முடியும்.

அல்வா டப்பா

டப்பாவில் எம்போஸ் மேல்மூடியின் நடுவில் மட்டும் வரட்டும். ஒட்டும் மடிப்பு, கிரீஸ் கோடு, லாக் நாக்கு இவற்றின் அருகே வேண்டாம். நெய் கசியாமலிருக்க உள்பக்கம் படலம் பூசிய போர்டு என்றால் எம்போஸை 0.2 மி.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் எழுப்பினால் உள்படலம் விளிம்புகளில் விரிசல் விடும், நெய் அந்த வழியாகவே ஏறி, கடைப் பெயர் எண்ணெய்க் கறையாக வெளியே தெரியும். அல்வாவை வாழை இலையிலோ பட்டர் பேப்பரிலோ சுற்றி வைத்தாலும் இந்த எச்சரிக்கை வேண்டும். அடுக்கி வைக்கும் டப்பாவில் மேலே உள்ள பாரம் எம்போஸை நசுக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாக்களுக்கு மூடியில் டிபாஸ் போட்டுவிடலாம்.

பிரெயில்

பெயர் அட்டையிலோ டப்பாவிலோ பிரெயில் சேர்ப்பதும் எம்போஸ் வேலைதான், ஆனால் இங்கே அளவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஒரு செல்லுக்குள் (ஆறு புள்ளிக்கான கட்டம்) புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., செல்லுக்குச் செல் 6 மி.மீ., வரிக்கு வரி 10 மி.மீ., புள்ளியின் அடி விட்டம் 1.6 மி.மீ. இதை அழகுக்காகச் சுருக்கினால் விரலால் வாசிக்க முடியாது. 90 × 54 மி.மீ. விசிட்டிங் கார்டில் இரு பக்கமும் 6 மி.மீ. விட்டால் ஒரு வரிக்கு 13 செல். கைபேசி எண்ணுக்கு எண் குறியோடு சேர்த்து 11 செல், ஒரே வரியில் அடங்கும். தமிழில் 'க' போன்ற அகர உயிர்மெய்க்கு ஒரு செல், மற்ற உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் இரண்டிரண்டு செல் எடுக்கும். "முருகன்" நாலு எழுத்துத்தான், பிரெயிலில் ஏழு செல். பெயர் நீண்டால் இரண்டு வரி ஒதுக்குங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. பிரெயில் வாசிப்பவர் ஒருவரிடம் சாம்பிளைக் காட்டி விரலால் படிக்கச் சொல்லாமல் முழு ஓட்டத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். கண்ணால் சரிபார்த்த பிரெயிலில் ஒரு புள்ளி தவறினாலும் வேறு எழுத்தாகிவிடும்.

வாங்கி வைப்பது

வந்த கட்டை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துக் கட்டு அடுக்கக் கூடாது. ஐம்பதுக்கு ஒரு கட்டு, நடுவில் மெல்லிய தாள், ரப்பர் பேண்டு வேண்டாம். தபாலில் போகும் பத்திரிகைக்கு உறை எம்போஸை அழுத்தாத அளவில், அட்டையைவிட இரு பக்கமும் 4 மி.மீ. பெரிதாக இருக்கட்டும்.

பிளாக்குக்குக் காசு கொடுத்தது நீங்கள். வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். சிங்க் பிளாக் ஈரக் காற்றில் வெண்மை பூத்து அரிக்கும். லேசாக மிஷின் எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே கடைப் பெயர், அடித்த அட்டையின் பெயர், ஜிஎஸ்எம் மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு தடிமன் அட்டைக்கு மாறினால் பிளாக் அதுவே போதும், கவுன்டரை மட்டும் புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டும்.